வாங்குவதா, செய்துகொள்வதா?

வண்டிக்கான சிறு பாகத்தைக் கடையில் வாங்குவதா, பட்டறையில் செய்துகொள்வதா என்பதைப் பலரும் விலையை வைத்தே முடிவு செய்கிறோம். அப்பாகம் முறிந்தால் என்ன நேரும் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். கைப்பேசித் தாங்கி முறிந்தால் கைப்பேசி விழும். அதனைத் தாராளமாகப் பட்டறையில் செய்துகொள்ளலாம். பிரேக் லிவர் முறிந்தால்? அதில் நூறு ரூபாய் மிச்சம் பார்ப்பது சிக்கனமன்று.

காரின் முன்புறம் பொருத்தும் பம்பர் கார்டோ முறியாமலேயே தீங்கு செய்யும். மோதலின் விசையை மாற்றி, ஏர்பேக் உரிய நேரத்தில் விரிவதைக் கெடுக்கக்கூடும். அதன்மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. வாங்கினாலும் செய்தாலும் அது கூடாததே.

அனுமதிக்கப்பட்ட மாற்றத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுவது நல்லது. தெரிவிக்காத மாற்றத்தால் இழப்பீடு தடைப்பட்டாலும், கடனில் வாங்கிய வண்டியின் மாதத் தவணை நிற்பதில்லை.