செத்த மாட்டைத் தூக்குவது யார்? நோய்த்தடுப்புத் திட்டங்கள் கேட்காத கேள்வி

2016 ஜூலை 11. குஜராத்தில் ஊனாவுக்கு அருகே மோட்டா சமதியாலா என்ற ஊரில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் குடும்பத்தினரைப் 'பசுப் பாதுகாவலர்கள்' என்று சொல்லிக்கொண்ட கும்பல் தாக்கியது. இளைஞர்களின் சட்டையைக் கழற்றி, காரோடு கட்டி, ஊனா நகரத் தெருவில் வைத்து அடித்தது. சில நாட்களில் சுரேந்திரநகரில் தலித் மக்கள் செத்த மாடுகளை வண்டிகளில் ஏற்றிவந்து ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள். இனி இந்த வேலையைச் செய்ய மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் உறுதியெடுத்தார்கள்.

சுயமரியாதைப் போராட்டமாக அதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சரிதான். ஆனால் நாம் அதிகம் பேசாத ஒரு பொதுச் சுகாதாரக் கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

அதே குஜராத்தில், ஐந்தரை ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைப் பாருங்கள். 2011 ஜனவரியில் அகமதாபாத் மாவட்டம் கோலாட் கிராமத்தைச் சேர்ந்த ஒரு பெண் காய்ச்சலும் ரத்தக்கசிவுமாக மருத்துவமனையில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும் அடுத்தடுத்து இறந்தார்கள். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் காரணத்தைக் கண்டுபிடித்தது: கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல். இந்தியாவில் இந்த நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதல்முறை. அதன் பிறகும் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் அது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

இந்த வைரஸ் உண்ணிகளில் வாழ்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் தொற்றினாலும் அவை நோயாளியாகத் தெரிவதில்லை. மனிதருக்கு இது இரண்டு வழிகளில் வருகிறது: உண்ணி கடிப்பதால், அல்லது தொற்றுள்ள விலங்கின் ரத்தத்தையும் சதையையும் வெறுங்கையால் தொடுவதால். பிறகு நோயாளியின் ரத்தம், உடல் திரவங்கள் வழியாக மற்றவருக்குப் பரவுகிறது. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 10 முதல் 40 பேர் வரை இறக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரவலாக ஏற்கப்பட்ட தடுப்பூசி எதுவும் இல்லை.

இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விலங்கின் ரத்தத்தைத் தொடுவது ஆபத்து என்கிறது மருத்துவம். அந்த ரத்தத்தை யார் தொட வேண்டும் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கிறது. ஆபத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. அது தெருவாரியாக, ஊர்–சேரி என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு தொற்றுக்குப் பிறகும் அரசுகள் முன்தயாரிப்பு பற்றிப் பேசுகின்றன. ஆய்வகங்கள், தனிமை வார்டுகள், காய்ச்சல் கண்காணிப்பு, மனித நலத்தையும் விலங்கு நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் 'ஒரே நலம்' திட்டங்கள். இவை எல்லாமே தேவை. ஆனால் இந்தத் திட்டங்களின் மேசையில் மருத்துவர் இருக்கிறார், கால்நடை மருத்துவர் இருக்கிறார், ஆய்வக விஞ்ஞானி இருக்கிறார். மாடு செத்தால் முதலில் கூப்பிடப்படும் ஆளுக்கு அங்கே நாற்காலி இல்லை. ஒரே வாரத்தில் மூன்று மாடுகள் ஒரே மாதிரி செத்தால் அது அவருக்குத்தான் முதலில் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

கேட்காததன் விலை என்ன என்பதற்கு மலேசியா சாட்சி. 1998 செப்டம்பரில் ஈப்போ பகுதியில் மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுசெய்து புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் பொதுவாகக் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் வேலைசெய்த வயதுவந்த ஆண்கள். அவர்கள் பார்த்த வேலையிலேயே விடை இருந்தது. 1999 மார்ச்சில்தான் அது புதிய வைரஸ் என்று தெரிந்தது. அதற்கு நிபா என்று பெயரிட்டார்கள். மலேசியாவில் 265 பேருக்குத் தொற்றி 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் தொற்றிய 11 பேரும் பன்றி அறுக்கும் கூடங்களில் வேலைசெய்தவர்கள்.

அதே நிபா 2018இல் கோழிக்கோட்டுக்கு வந்தது. 17 பேர் இறந்தார்கள். பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலியர் லினி அவர்களில் ஒருவர். கேரளம் அந்தத் தொற்றை விரைவாகக் கட்டுப்படுத்தியது, அது பாராட்டுக்குரியது. ஆனால் நிபா வார்டில் வேலைசெய்த தற்காலிகப் பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர்களும் சேர்த்து, வேலை பறிபோனதால் 2019 ஜனவரியில் போராட வேண்டியிருந்தது. ஆபத்து வரும்போது வீரர்கள், ஆபத்து போனதும் வேண்டாதவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டது. விலங்குகளையும் செத்த விலங்குகளின் உடல்களையும் கையாளும் வேலையில் வரும் தொற்றுநோய்கள் அதில் இடம்பெற்றிருந்தன. நல்ல சட்டம்தான். ஆனால் இழப்பீடு கேட்க ஒரு முதலாளி வேண்டும். ஊரே கூப்பிட்டு வேலை வாங்கும்போது முதலாளி யார்? 2013இல் வந்த கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டமோ மனிதக் கழிவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. செத்த மாட்டைத் தூக்குபவர் அதற்குள்ளும் வரமாட்டார்.

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். "அவர்களுக்குக் கையுறையும் கவச உடையும் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால், சாதித் தொழிலுக்குச் சீருடை தைத்துக் கொடுத்ததாகிவிடும். அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகத் மாநாட்டில் செத்த மாட்டிறைச்சியைக் கைவிடச் சொன்னார். இழிவைப் பாதுகாப்பாகச் சுமப்பது எப்படி என்று அவர் சொல்லித்தரவில்லை. இறக்கி வைக்கச் சொன்னார். அதேநேரம், நாளை காலை யாரோ ஒருவர் அந்த மாட்டைத் தூக்கத்தான் போகிறார். விடுதலை வரும்வரை அவர் வெறுங்கையோடு இருக்கட்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

செத்த விலங்குகளை அகற்றுவது உள்ளாட்சியின் சட்டப்பூர்வக் கடமையாக நடக்க வேண்டும். எந்தச் சாதியின் கடமையாகவும் இருக்கக் கூடாது. இயந்திரமும் வாகனமும் வேண்டும். நிரந்தர வேலை, உரிய ஊதியம், எல்லாச் சாதியினருக்கும் திறந்த நியமனம் வேண்டும். அதில் இருப்பவர்களுக்குப் பயிற்சி, கவச உடை, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, காப்பீடு வேண்டும். மாவட்ட நோய்க் கண்காணிப்பில் அவர்கள் சொல்லும் தகவலுக்கு இடம் வேண்டும். அந்த வேலையை விட விரும்புவோருக்கு மாற்று வாழ்வாதாரம், முக்கியமாக நிலம் வேண்டும். ஊனாவில் எழுந்த கோரிக்கையும் நிலம்தான்.

இன்னொன்று. தொற்று வந்ததும் "மாட்டுக்கறி தின்பவர்களால், பன்றி வளர்ப்பவர்களால் வந்தது" என்ற பேச்சு கிளம்பும். கொரோனா காலத்தில் நோயை ஒரு மதத்தின் பெயரால் அழைத்ததைப் பார்த்தோம். யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்வது அறிவியல். அவர்களால்தான் ஆபத்து என்று சொல்வது தீண்டாமை. இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பேசும் ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் தேவை.

தமிழ்நாட்டில் இருக்கும் மாணவத் தோழர்கள் இதை இந்த மாதமே தொடங்கலாம். உங்கள் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். செத்த மாடுகளையும் நாய்களையும் அகற்றுவது யார்? நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தப் பணியாளரா, அல்லது கூப்பிட்டு ஐந்நூறு ரூபாய் கொடுக்கப்படும் ஆளா? நாய் பிடிப்பவர்களுக்கும் நாய் உடல்களை அகற்றுபவர்களுக்கும் ரேபிஸ் தடுப்பூசி முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறதா? உலகின் ரேபிஸ் மரணங்களில் 36 விழுக்காடு இந்தியாவில் நடக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குத் தடுப்பூசி பல்லாண்டுகளாகக் கையில் இருக்கிறது. தடுப்பூசி உள்ள நோய்க்கே இவர்களைக் கணக்கில் எடுக்காத நிர்வாகம், பெயர் தெரியாத வைரஸ் வரும்போது எடுக்குமா?

பதில் வரட்டும். "தகவல் இல்லை" என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான். அதை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள்.