555 புத்தகமும் குக்கியும்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, பாட்டி கடனுக்குச் சாமான் வாங்கியது 555 புத்தகத்தில்தான். புத்தகத்தை யார் நீட்டினாலும் கடைக்காரர் பாட்டியின் கணக்கில் எழுதிவிடுவாராம். அதனால் அது எப்போதும் தகரப் பெட்டிக்குள் பூட்டியே இருக்கும்.

இணையத்தளத்தின் குக்கியும் அப்படித்தான். கடவுச்சொல்லைச் சரிபார்த்ததும் சர்வர் நம் பிரௌசரிடம் ஓர் அடையாள எண்ணைக் கொடுக்கிறது. பிறகு அந்த எண்ணை மட்டுமே பார்க்கிறது. அது பிறர் கைக்குப் போனால், கடவுச்சொல் தெரியாமலே அவர் நம் கணக்கில் நுழைந்துவிடலாம்.

இது வீண் பயமல்ல. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்பாக்ஸ் பிரௌசருக்கு 'ஃபயர்ஷீப்' என்ற இணைப்பை வெளியிட்டார். திறந்த வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் குக்கியை அது பிடித்துக் காட்டியது. அன்று பல தளங்கள் உள்நுழையும் பக்கத்தை மட்டுமே பாதுகாத்தன. அதன்பின் குக்கி திறந்தபடியே பயணம் செய்தது.

என் தவற்றையும் சொல்கிறேன். ஈப்போவில் ஒரு டியூஷன் வகுப்புக்குப் பதிவுத் தளம் செய்து கொடுத்தேன். பெற்றோரின் அடையாள அட்டை எண்கள் அதில் இருந்தன. பிறகொரு நாள் பிரௌசரின் கன்சோலில் ஒரு வரி தட்டினேன். உள்நுழைவுக் குக்கி அப்படியே திரையில் வந்து நின்றது. வயிற்றைக் கலக்கியது.

திருத்தியது மூன்றே சொற்களில். 'செக்யூர்' என்றால் குக்கி எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே போகும். 'எச்டிடிபி ஒன்லி' என்றால் பக்கத்தில் புகுந்த ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாது. 'சேம்சைட்' என்றால் வேறு தளம் நமக்குத் தெரியாமல் அனுப்பும் கோரிக்கையோடு அது ஒட்டிக்கொண்டு போகாது. இவற்றோடு, வெளியேறும்போது அந்த எண்ணைச் சர்வரிலும் அழிக்க வேண்டும்.

இவை எல்லாத் தாக்குதலையும் தடுக்காது. ஆனாலும் பூட்டு இருக்கும்போது பெட்டியைத் திறந்து வைப்பானேன்?

கோயில், தமிழ்ப்பள்ளி, மன்றம் என்று நம்மவர்கள் தளம் கேட்டு மாணவர்களாகிய நம்மிடம்தான் வருகிறார்கள். நாமோ 'ஓடினால் போதும்' என்று ஒப்படைக்கிறோம். விரிவுரையாளர்களும் உள்நுழைவு வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், குக்கி பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தும் புள்ளி போடட்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்திற்காகத் தகவல் திரட்டுவோரை அதைப் பாதுகாக்கச் சொல்கிறது. நம்மை நம்பி எண்ணைக் கொடுத்தவருக்காக, சட்டம் சொல்லாத இடத்திலும் அதைச் செய்வோம்.