காவலன் உறங்கிவிட்டால்…



"யா அல்லாஹ்! இந்த வலி எப்போதுதான் தீரும்?" என்ற முனகல் ஒலிக்காத இல்லம் உண்டா? பல்வலியில் துடிக்கும் பிள்ளையும், மூட்டு வலியால் சுவரைப் பற்றிக்கொண்டு எழும் நன்னியும், தலைவலித் தைலத்தைத் தேடும் வாப்பாவும் நம் வீடுகளில் அன்றாடக் காட்சிகள். வலி என்ற ஒன்றே இல்லாதிருந்தால் வாழ்க்கை எத்துணை இனிமையாக இருக்கும் என்று எண்ணாதவர் அரிது.

ஆனால் வலியே அறியாத மனிதர்கள் இவ்வுலகில் இருக்கிறார்கள். அவர்களின் வாழ்வு இனிமையானதன்று. பெரும் ஆபத்து நிறைந்தது. வலியை உணரும் ஆற்றலைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருப்போர் நம் வீடுகளிலேயே, நம் பக்கத்து அறையிலேயே இருக்கலாம். அது அவர்களுக்கே தெரியாது என்பதுதான் கவலைக்குரியது. ஆகவே வலி எவ்வாறு பிறக்கிறது, எவ்வழியே மூளையைச் சென்றடைகிறது என்பதை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

தோலில் நிற்கும் காவலர்கள்

அடுப்படியில் நிற்கும் பெண்ணின் விரல் சுடும் தோசைக்கல்லில் பட்டுவிடுகிறது. "சுடுகிறது" என்று அவள் நினைப்பதற்கு முன்பே கை தானாகப் பின்வாங்கிவிடுகிறது. அந்த இமைப்பொழுதில் நடப்பது என்ன?

நம் தோலுக்கு அடியில் எண்ணற்ற நரம்பு முனைகள் பரவிக் கிடக்கின்றன. அவை எல்லாம் ஒரே பணியைச் செய்வன அல்ல. சில மென்மையான தொடுதலை அறிகின்றன. சில அழுத்தத்தையும், சில குளிர்ச்சியையும் அறிகின்றன. இன்னும் சில, உடலுக்குத் தீங்கு நேரும் நிலை வந்தால் மட்டுமே விழித்தெழுகின்றன. வலியின் காவலர்கள் இவையே.

இந்நரம்பு முனைகளின் மென்சவ்வில் புரதத்தால் ஆன நுண்ணிய வாயில்கள் பதிந்துள்ளன. சுமார் 43 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறினால் அவற்றுள் ஒருவகை வாயில் திறந்துகொள்கிறது. 1997ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்தவர் அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியஸ். அவர் அதனைத் தேடிச் சென்ற வழி நமக்கு வியப்பளிக்கும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் ஏன் எரிகிறது என்று ஆராயப் புகுந்தே அவர் அந்த வாயிலைக் கண்டார். மிளகாயின் காரமும் நெருப்பின் சூடும் ஒரே வாயிலைத்தான் திறக்கின்றன! மிளகாய் நறுக்கிய கை "நெருப்பாய் எரிகிறது" என்று நம் பெண்கள் சொல்வது வெறும் உவமையன்று. நரம்பைப் பொறுத்தவரை அது உண்மையே ஆகும்.

அழுத்தத்தை உணரும் வாயில்களை 2010ஆம் ஆண்டு கண்டறிந்தவர் ஆர்டெம் பட்டாபூட்டியன். இவர் லெபனானின் பெய்ரூட் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். இவ்விருவருக்கும் 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செய்தி செல்லும் பாதை

வாயில் திறந்ததும், வெளியே இருக்கும் மின்னேற்றம் கொண்ட துகள்கள் நரம்புக்குள் பாய்கின்றன. அந்தத் தூண்டுதல் போதிய அளவை எட்டினால், நரம்பு இழையில் அடுத்தடுத்து அமைந்துள்ள சோடியம் வாயில்கள் வரிசையாகத் திறந்து மூடுகின்றன. இவ்வாறு ஒரு மின் அதிர்வு நரம்பின் நெடுகிலும் ஓடுகிறது. சூடு என்றாலும் குத்தல் என்றாலும் நரம்பில் ஓடுவது இதே மின் அதிர்வுதான்.

அப்படியானால் சிறு வலிக்கும் பெரு வலிக்கும் உள்ள வேறுபாட்டை மூளை எவ்வாறு அறிகிறது? 1920களில் இங்கிலாந்தின் எட்கர் ஏட்ரியன் இதற்கு விடை கண்டார். ஒரு நரம்பு இழையில் ஓடும் அதிர்வுகள் அனைத்தும் ஒரே அளவுடையவை. தூண்டுதல் மிகுந்தால் அதிர்வு பெரிதாவதில்லை. அதிர்வுகள் நெருக்கமாக வருகின்றன. நகரா முழக்குபவர் ஒவ்வோர் அடியையும் ஒரே வலுவுடன் அடித்து, அவசரம் மிகும்போது அடிகளை விரைவுபடுத்துவது போன்றது இது. இவ்வாய்வுகளுக்காக 1932ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எல்லா நரம்புகளும் ஒரே வேகத்தில் செய்தி அனுப்புவதில்லை. தொடுதலைச் சொல்லும் தடித்த நரம்புகளில் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை விரைகிறது. வலியைச் சொல்லும் நரம்புகளில் ஒருவகை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்திலும், மிக மெல்லிய மற்றொரு வகை நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வேகத்திலுமே செய்தியைக் கடத்துகின்றன. கால் விரல் வாசற்படியில் மோதும்போது முதலில் 'சுரீர்' என்று ஒரு கூர்மையான வலியும், சற்றுப் பொறுத்துக் கடுமையான வேதனையும் வருவதன் காரணம் இதுவே. ஒரே அடிக்கு இரண்டு தூதுகள்!

முதல் தூது தண்டுவடத்தை எட்டியவுடன், மூளையின் ஆணைக்குக் காத்திராமல் தசைகளுக்குக் கட்டளை பிறந்துவிடுகிறது. கை பின்வாங்குகிறது. செய்தி மூளையைச் சேர்ந்த பிறகே "சுட்டது" என்ற உணர்வு தோன்றுகிறது. உடலைக் காப்பது முதல் வேலை. அறிவிப்பது அடுத்த வேலை.

வலியறியாப் பிள்ளைகள்

இத்தூது வராவிட்டால் என்னாகும்? பாகிஸ்தானின் வடபகுதியில் ஒரு சிறுவன் இருந்தான். தன் கைகளில் கத்தியைச் செருகிக்கொண்டும், எரியும் தணலின் மீது நடந்தும் தெருவில் வேடிக்கை காட்டுவான். அவனுக்கு வலி என்பதே தெரியாது. ஆய்வாளர்கள் அவனைப் பரிசோதிக்கும் முன்பே, ஒரு வீட்டின் கூரையிலிருந்து குதித்து அவன் இறந்துபோனான்.

அவனுடைய உறவுக் குடும்பங்களில் இதே இயல்புடைய ஆறு பிள்ளைகளைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜெஃப்ரி வுட்ஸ் குழுவினர் ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். அப்பிள்ளைகள் தொடுதலை அறிந்தனர். சூடு, குளிர்ச்சி என்ற வேறுபாட்டையும் அறிந்தனர். வலியை மட்டும் அறியவில்லை. அனைவரின் உதட்டிலோ நாவிலோ தாமே கடித்துக்கொண்ட காயங்கள் இருந்தன. நாம் மேலே கண்ட சோடியம் வாயில்களுள் வலி நரம்புகளுக்கு இன்றியமையாத ஒன்று அவர்களிடம் பிறவியிலேயே செயலற்றிருந்தது. ஒரேயொரு வாயில் பழுதானதால் காவல் முழுவதும் நின்றுபோயிற்று.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

பிறவியில் வலியறியாதோர் மிகச் சிலரே. பின்னர் நோயால் வலியுணர்வை இழப்போர் பலர். இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய ஆய்வு நம் தமிழ்நாட்டில் நடந்தது.

1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளிகளின் விரல்கள் அந்நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் மருத்துவர்கள் பலரும் நம்பினர். பிராண்ட் அதனை அப்படியே ஏற்கவில்லை.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் அவர் திணறியபோது, தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் கையிலிருந்து இரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு தெரியும் அளவுக்குக் கிழித்திருந்தது. சிறுவனுக்கோ அது தெரியவில்லை. நோயாளிகள் சிலரின் விரல்களில் இரவோடிரவாகக் குறை நேர்ந்ததன் காரணத்தைக் கண்காணித்தபோது, உறங்குபவரின் விரலை எலி கடித்துத் தின்பது தெரிய வந்தது. வலி இருந்திருந்தால் அவர் விழித்திருப்பார் அன்றோ!

நோய்க்கிருமி விரலைத் தின்னவில்லை. காவல் நரம்பை அழித்தது. காவலற்ற விரலைச் சூடும், முள்ளும், ஓயாத உராய்வும் அழித்தன. பிராண்ட் கண்ட இவ்வுண்மை மருத்துவத்தையே மாற்றியது. தொழுநோய் இன்று கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகக்கூடியது. ஆயினும் அழிந்த நரம்பை மருந்தால் மீட்பது அரிது என்பதால், தொடக்கத்திலேயே மருத்துவம் பெறுவது அவசியம்.

1966இல் அமெரிக்கா சென்ற பிராண்ட், அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களைக் கண்டபோது வேலூரில் கண்ட காட்சியையே மீண்டும் கண்டார். நோய் வேறு, காவல் இழந்த கால் ஒன்றே. வலிக்கு மாற்றாக மின்னுணர் கருவிகள் பொருத்திய கையுறை, காலுறைகளைச் செய்து பார்த்தார். அம்முயற்சி கைகூடவில்லை. கருவி எச்சரித்தாலும் மனிதர்கள் அதைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்ந்தனர்! புறக்கணிக்க இயலாமையே வலியின் சிறப்பு என்பதை அவர் உணர்ந்தார்.

நம் வீட்டுக் கால்கள்

2021ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. நம் மஹல்லாவில் இந்நோய் எட்டாத தெரு ஏது?

இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்திருந்தால் நரம்புகள் நலிகின்றன. நீளமான நரம்புகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. உடலின் நீண்ட நரம்புகள் இடுப்பளவில் தொடங்கிக் கால் விரல் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் செல்வன. ஆகவேதான் உணர்விழப்பு கால் விரல்களில் தொடங்கிக் காலுறை போட்டாற்போல் மேலேறுகிறது. முதலில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றலாம். பின்னர் அவை குறையும். "அல்ஹம்துலில்லாஹ், எரிச்சல் போய்விட்டது" என்று பெரியவர் மகிழ்வார். மருத்துவத்தால் குணமாகியிருக்கலாம், காவலன் உறங்கியும் போயிருக்கலாம். எது என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். சிலருக்கோ எந்த முன்னறிவிப்பும் இன்றியே உணர்வு மங்கிவிடுகிறது.

இதற்கான எளிய சோதனை ஒன்றை இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்துள்ளனர். கருவி எதுவும் வேண்டியதில்லை. பெரியவரைப் படுக்கச் செய்து கண்களை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய ஆறு விரல்களின் நுனியை, உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடிகள் மென்மையாகத் தொடுங்கள். அழுத்தவோ, தட்டவோ, ஒரே விரலை இருமுறை தொடவோ கூடாது. தொடுவதை உணரும்போது வலக்காலா, இடக்காலா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிட்டால் உணர்வு குறைந்துள்ளது என்று கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எல்லாவற்றையும் உணர்ந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் கால்களைக் காட்டி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் சோதித்துக்கொள்வது நலம்.

உணர்வு குறைந்த காலுக்குக் கண்ணே காவல். நாள்தோறும் உளூச் செய்யும் நமக்கு இது கடினமன்று. கால் கழுவும்போது விரல் இடுக்குகளையும் பாதத்தின் அடியையும் பாருங்கள். குனிய இயலாதவர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கழுவிய பின் விரல் இடுக்குகளில் ஈரம் தங்காமல் துடைத்துவிடுங்கள். வெந்நீரைக் காலால் சோதித்துப் பார்க்கலாகாது. வீட்டில் வேறொருவர் முழங்கையை நனைத்துப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். செருப்பை மாட்டுமுன் உள்ளே ஆணியோ கல்லோ இருக்கிறதா என்று பாருங்கள். கால் ஆணியைப் பிளேடால் அறுத்தெடுக்காதீர்கள். நண்பகல் வெயிலில் வெறுங்காலுடன் நடக்கலாகாது. ஹஜ், உம்ராவுக்குச் செல்வோர் செருப்பைப் பையிலிட்டுத் தம்முடனேயே வைத்துக்கொள்வது நல்லது. செருப்பைத் தொலைத்துவிட்டுச் சுடும் தரையில் நடந்து, கொப்புளம் கண்ட பிறகே தெரிந்துகொண்டவர்கள் உண்டு. புண் வலிக்கவில்லையே என்று எவரும் தாமதிக்க வேண்டாம். சர்க்கரை நோயாளியின் காலில் வலிக்காத புண்ணே அதிக ஆபத்தானது.

இளைஞர்களே! இஷாவுக்குப் பின் வாப்பாவுக்கோ நன்னிக்கோ கால் பிடித்துவிடும் நல்வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இன்றிரவு அப்படி அமரும்போது, விளக்கைச் சற்று நன்றாக எரியவிட்டு, அந்த ஆறு விரல்களையும் தொட்டுப் பாருங்கள்.