கழற்றுமுன் அளக்க வேண்டியவை

வன்னியின் மோட்டார் சைக்கிள் திருத்துநர்களிடம் காபுரேற்றர் பற்றிய நுட்ப அறிவு மிகுந்திருப்பதற்கும், வால்வு இடைவெளியை அளந்து பார்க்கும் பழக்கம் அருகியிருப்பதற்கும் ஒரே வரலாறுதான் காரணம் எனலாம். 1990இல் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோல் வரத்து நின்றுபோனபோது, முள்ளியவளையிலும் புதுக்குடியிருப்பிலும் ஒட்டுசுட்டானிலும் ஓடிய ஹொண்டா எம்.டி. 90, சி. 90 போன்ற சிறு எஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்குப் பழக்கப்பட்டன; சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவதே அன்றைய வழக்கம். ஒக்ரேன் எண், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது தானாகவே வெடிக்காமல் தாங்கும் ஆற்றலின் அளவு, மண்ணெண்ணெய்க்கு மிகக் குறைவு. அது எளிதில் ஆவியாவதும் இல்லை. இவ்விரு குறைகளையும் ஜெற்றையும் காற்றுத் திருகையும் வைத்தே சமாளித்து, 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரை ஒரு நிலப்பரப்பின் போக்குவரத்தையே ஓட வைத்தவர்களின் கைத்திறன் மதிப்புக்குரியது. ஆயினும் அத்திறன் விட்டுச்சென்ற பழக்கம் ஒன்று இன்று தொழிலுக்கு இடையூறாகியுள்ளது: இழுவை குறைந்த எந்த வண்டி வந்தாலும் கை முதலில் காபுரேற்றருக்குப் போகிறது; அங்கே குணமாகாவிட்டால் அடுத்த தாவலில் சிலிண்டர் கழற்றப்படுகிறது.

இன்று பழைய வண்டி என்று திருத்தகத்துக்கு வருவதும் அன்றைய எம்.டி. 90 மட்டுமன்று. போர் முடிந்த பின் லீசிங் முறையில் பெருமளவில் வந்துசேர்ந்த பஜாஜ், ஹீரோ ஹொண்டா, ரி.வி.எஸ். வண்டிகள் இப்போது முதுமை எய்திவிட்டன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், இடைப்பட்ட ஆண்டுகளில் மாற்றியிருக்கக்கூடிய வண்டிகளையும் மக்கள் திருத்தித் திருத்தியே ஓட்டினார்கள். 2022இன் எரிபொருள் நெருக்கடியின்போது கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிடைத்தது வாரம் 4 லீற்றர். அதே ஆண்டு ஓகஸ்ட்வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாகவே இருந்ததால் கலப்படத்துக்கான ஆசையும் பெரிதாயிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் படிந்துள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, பிஸ்ரன் றிங்குகளைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்கிறது. தேய்மானம் அப்போது தொடங்குகிறது. இழுவைக் குறைவாக அது வெளித்தெரிவதற்குள் ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

இழுக்கவில்லை என்ற முறைப்பாட்டோடு வரும் வண்டியில் முதலில் தீர்க்க வேண்டியது, எஞ்சின் வலுவைப் பிறப்பிக்கவில்லையா, பிறந்த வலு சில்லைச் சென்றடையவில்லையா என்பதே. நடு ஸ்ராண்டில் நிறுத்திப் பின் சில்லைக் கையால் சுழற்றினால் பிரேக் சூ உரசுவதும் செயின் இறுகியிருப்பதும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மேல் கியரில் அக்சிலேற்றரை முறுக்கும்போது எஞ்சின் இரைச்சல் உயர்ந்தும் வேகம் உயராவிட்டால் கிளச் தட்டுகள் வழுக்குகின்றன. இவ்விரண்டையும் பாராமல் தொடங்கிய வேலை எத்தனை நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும் வீண்வேலையே.

அடுத்தது அமுக்கச் சோதனை. எரிகலவையை அமுக்கிப் பிடிக்கும் ஆற்றலைச் சிலிண்டர் இழந்திருந்தால், காபுரேற்றரிலோ தீப்பொறியிலோ செய்யப்படும் எந்தத் திருத்தமும் பயன் தராது என்பதால் இச்சோதனை முந்தி வருவதே முறை. பிளக்கின் துளையில் விரலை வைத்து உதைத்துப் பார்ப்பது, எஞ்சின் முற்றாகச் செத்துவிட்டதா என்பதை மட்டுமே சொல்லும். பாதி வலு இழந்த எஞ்சின் விரலை நன்றாகவே தள்ளும். அமுக்கமானியைப் பொருத்தி, சூடான எஞ்சினில், அக்சிலேற்றரை முழுமையாகத் திறந்து பிடித்தபடி, முள் மேலும் ஏறாத நிலை வரும்வரை உதைக்க வேண்டும். அக்சிலேற்றர் மூடியிருந்தால் உள்ளே போகும் காற்று குறைந்து, நல்ல எஞ்சினும் கெட்டதாகத் தோன்றும். அளவு தாழ்ந்திருந்தால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலைப் பிளக் துளை வழியே விட்டு மீண்டும் அளக்க வேண்டும். ஒயில் றிங்குகளைச் சுற்றி நின்று இடைவெளியைச் சற்றுநேரம் அடைக்குமாதலால், முள் தெளிவாக உயர்ந்தால் குறை றிங்கிலோ சிலிண்டர்ச் சுவரிலோ உள்ளது. உயராவிட்டால் வால்விலோ ஹெட் கஸ்கற்றிலோ உள்ளது. சிலிண்டரைக் கடைவதா வேண்டாமா என்ற பெரிய முடிவு ஒரு தேக்கரண்டி ஒயிலில் தங்கியிருக்கிறது என்பதைப் பயிற்சி பெறும் இளையோருக்கு முதல் வாரத்திலேயே காட்டிவிடலாம்.

வால்வு இடைவெளியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. சிறிய ஹொண்டா எஞ்சின்களில் குளிர்ந்த நிலையில் இரு வால்வுகளுக்கும் 0.05 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். பீலர் கேஜ் எனப்படும் அளவுத்தகடு அதனுள் மெல்லிய பிடிப்போடு நுழைந்து வரவேண்டும். வால்வும் அதன் இருக்கையும் தேயத்தேய வால்வுத் தண்டு றொக்கரை நோக்கி மேலெழுகிறது, இடைவெளி குறுகுகிறது. தளர்ந்த ரப்பெற் சத்தமிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இறுகிய ரப்பெற்றோ எஞ்சினை அமைதியாக்கும், அந்த அமைதியை உரிமையாளரும் நல்ல குணமென்று எண்ணி மகிழ்வார். முள்ளியவளையில் காலையில் ஒரே உதையில் உயிர்பெற்ற எஞ்சின் ஒட்டுசுட்டானை நெருங்கும்போது களைத்து, நிறுத்தினால் மீண்டும் தொடங்க மறுத்து, ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல் ஓடுமாயின், சூட்டில் தண்டு நீண்டு வால்வு முழுமையாக மூடாத நிலையை முதலில் ஐயுற வேண்டும். சூட்டில் காப்பு முறியும் இக்னிஷன் கொயிலும் இதே அறிகுறியைத் தருமாதலால், குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அமுக்கத்தை அளந்து ஒப்பிட வேண்டும்: சூட்டில் அமுக்கம் விழுந்தால் வால்வு, விழாவிட்டால் கொயில். இப்படி அளக்காமல் கொயிலை மாற்றி, குறை தீராமல் காபுரேற்றரையும் மாற்றும் செலவு ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சிறியதன்று.

தீப்பொறியின் பகுதியில் பழைய பொயின்ற் வகை எஞ்சின்களுக்கும் பிந்திய மின்னணு வகைகளுக்கும் குறைகள் வேறு. பொயின்றின் குதி தேயும்போது அதன் இடைவெளி சுருங்கி, தீப்பொறி பிந்துகிறது. எஞ்சின் ஓடும், ஆனால் சூடேறி இழுவை இழக்கும். இடைவெளியை 0.35 மில்லிமீற்றர் அளவில் வைத்த பின், பொயின்ற் திறக்கத் தொடங்கும் கணத்தில் பிளைவீலின் எஃப் குறி உரிய கோட்டில் நிற்கிறதா என்று பார்க்காமல் மூடியைப் பூட்டுவது அரைவேலை. பஜாஜின் டி.ரி.எஸ்.-ஐ எஞ்சின்களிலோ ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகள். ஒன்று செத்தாலும் மற்றொன்றில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்குமாதலால், இழுவை குறைந்து பெற்றோல் கூடுதலாகச் செலவாவதற்கான காரணம் நெடுநாள் மறைந்து நிற்கும். ஒவ்வொரு பிளக்கின் தொப்பியையும் மாறிமாறிக் கழற்றி, கழற்றியதில் வேறொரு பிளக்கைச் செருகி எஞ்சின் உடலோடு தொடவைத்து ஓட்டிப் பார்த்தால், எந்தப் பக்கம் இறந்தது என்பது உடனே தெரியும்.

எரிபொருளும் காற்றும் இவ்விதழின் வாசகர்கள் நன்கறிந்த களம். தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபடுவதையும், பல்சர் போன்றவற்றின் காபுரேற்றரில் உள்ள றப்பர் டயபிறம் கிழிவதையும் நினைவூட்டினால் போதும். காற்று வடிகட்டி மட்டும் தனிக்கவனம் வேண்டுவது, ஏனெனில் கிரவல் வீதிகளின் செம்புழுதியிலும் அறுவடைக் காலத்து வயல் தூசியிலும் ஓடும் வண்டிக்கு அதுவே ஆயுள். ஸ்பொஞ் வடிகட்டியைக் கழுவிய பின் ஒயில் தடவிப் பிழிந்தே பூட்ட வேண்டும். கடதாசி வடிகட்டியில் ஒயில் படக்கூடாது. இழுவை கூடும் என்று வடிகட்டியையே கழற்றி எறிந்த வண்டி, மறு அறுவடைக்கு முன் றிங் தேய்ந்து திரும்பி வரும்.

சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்ரன் போடுவது எண்ணிக்கைக்கு உட்பட்ட மருந்து. பெரும்பாலான சிறு எஞ்சின்களுக்கு 0.25 மில்லிமீற்றர் படிகளாக 1.00 மில்லிமீற்றர்வரை நான்கு வாய்ப்புகளே உண்டு. வால்வுக் குறைக்காகக் கடையப்பட்ட ஒவ்வொரு சிலிண்டரும் அவற்றுள் ஒன்றைக் காரணமின்றி இழந்துவிடுகிறது. உதிரிப்பாகம் அரிதாகிவிட்ட எம்.டி. 90 போன்றவற்றில் இவ்விழப்பு ஈடுசெய்ய இயலாதது.

ஆகவே கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் உள்ளிட்ட பயிற்சி நிலையங்கள், பழைய காபுரேற்றர் எஞ்சின்களில் அமுக்கமும் வால்வு இடைவெளியும் அளக்கும் செய்முறைக்குப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. திருத்தக உரிமையாளர்கள் ஓர் அமுக்கமானியும் ஒரு பீலர் கேஜும் வாங்கிவைத்து, உலர்ந்த நிலையிலும் ஒயில் விட்ட பின்பும் கிடைத்த அளவுகளை வாடிக்கையாளரின் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை அவ்வண்டியைக் கழற்றப்போகிறவர் வேறொருவராகவும் இருக்கலாம்.