“ஞாபகம் இருக்கா?” என்று கேட்காதீர்கள்!

வேலூர் லாங் பஜாரில் காலையில் நடந்தால், கண்ணுக்கு முன்னால் மூக்கு வேலை செய்யும்!

ஒரு பக்கம் மஞ்சள் வாசனை. ஒரு பக்கம் புளி மூட்டை. ஒரு பக்கம் மிளகாய் நெடி. நடுவில் மூட்டை தூக்குகிறவர்கள், தள்ளுவண்டிகள், “ஓரம்! ஓரம்!” என்ற கூச்சல்.

வயதான ஒரு பாட்டியை இந்தத் தெருவுக்கு அழைத்து வாருங்கள். வீட்டில் நாள் முழுவதும் வாய் திறக்காதவர், இங்கே வாய் திறப்பார்.

“எங்கப்பா மிளகாயை இப்படித்தான் கிள்ளிப் பார்த்து வாங்குவாரு” என்பார்.

உடம்பு லாங் பஜாரில் நிற்கிறது. மனமோ 60 வருடம் பின்னால் போய், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது!

இதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர், “மனத்தின் காலப் பயணம்”.

இதை ஆராய்ந்து புகழ் பெற்றவர், கனடா நாட்டுப் பேராசிரியர் எண்டல் டல்விங். எஸ்டோனியா நாட்டில் 1927-ம் ஆண்டு பிறந்தவர். 2023-ல் காலமானார்.

ஞாபகம் என்பது ஒன்றல்ல என்று அவர் 1972-ல் எழுதினார். “இந்தியாவின் தலைநகரம் டெல்லி” என்று தெரிந்து வைத்திருப்பது ஒரு வகை. “என் கல்யாணத்தன்று மழை கொட்டியது” என்று அந்த நாளுக்கே திரும்பிப் போவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதுதான் பயணம்.

கனடாவில் ஒருவர் 1981-ம் ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். தலையில் பலத்த அடி. உயிர் பிழைத்தார். புத்தி தெளிவாகவே இருந்தது. சதுரங்கம் ஆடத் தெரிந்தது. ஆனால், தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை!

“நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று டல்விங் கேட்டார்.

அதற்கும் பதில் இல்லை. மனம் வெறுமையாக இருக்கிறது என்றார் அவர். நேற்றைக்குப் போக முடியாதவரால் நாளைக்கும் போக முடியவில்லை.

வீட்டில் ஒரு பரீட்சை

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம்.

தாத்தாவுக்கு மறதி வந்து விட்டது. உடனே வீட்டில் பரீட்சை ஆரம்பமாகி விடுகிறது. “நான் யாரு, சொல்லு பார்ப்போம்?” “காலையில என்ன சாப்பிட்டே, ஞாபகம் இருக்கா?” மகன் கேட்கிறார். மருமகள் கேட்கிறார். வந்த விருந்தாளியும் கேட்கிறார்!

பாசத்தினால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் இது வேண்டாத வேலை. பதில் தெரியாமல் விழிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த முதியவர் கூனிக் குறுகிப் போகிறார். பிறகு பேசுவதையே நிறுத்தி விடுகிறார். “அவருக்கு ஒண்ணும் தெரியாது” என்று வீடும் முடிவு கட்டி விடுகிறது.

கேள்வி கேட்பதை விட்டு விட்டு, அவர் கையில் ஒரு பொருளைக் கொடுங்கள்.

கை மறக்கவில்லை!

அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்று ஒருவர். வலிப்பு நோய்க்காக 1953-ல் அவருக்கு மூளையில் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. 2008-ல் இறக்கும் வரை அப்படியே வாழ்ந்தார்.

பிரெண்டா மில்னர் என்ற பெண் விஞ்ஞானி அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, தாளில் உள்ள நட்சத்திரத்தின் மேல் கோடு இழுக்க வேண்டும். யாருக்குமே முதலில் கை கோணிக்கொள்ளும். ஹென்றி நாளுக்கு நாள் தேறினார். மூன்றாம் நாள் அழகாக வரைந்தார். ஆனால், முன்பு வரைந்ததாக அவருக்கு நினைவே இல்லை!

மனம் மறந்ததைக் கை வைத்துக்கொண்டிருந்தது.

அவருக்கு வந்தது வேறு கோளாறு. முதுமையில் வரும் மறதி நோய் வேறு. ஆனாலும், மறதி நோயிலும் கைப்பழக்கம் சீக்கிரத்தில் போய் விடுவதில்லை. நோய் முற்றும்போதுதான் அதுவும் போகிறது. அதற்குள் கையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டாமா?

50 வருடம் வாசலில் கோலம் போட்ட விரல்கள் அவை. கோலமாவு கிண்ணத்தைக் கையில் கொடுத்து, பேத்தியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாட்டி ஒரு இழை, பேத்தி ஒரு இழை. பல்லாங்குழியும் அப்படித்தான். எந்த மார்கழியில் யாரோடு போட்டி போட்டுக் கோலம் போட்டார் என்ற கதை, தானே வந்தாலும் வரும்.

நியூயார்க் நகரத்தின் நவீன கலை மியூசியம் 2006-ம் ஆண்டு இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. மறதி நோயாளிகளைக் குடும்பத்தோடு அழைத்து, ஓவியத்தின் முன்னால் உட்கார வைத்து, “இதில் என்ன தெரிகிறது?” என்று பேச வைத்தார்கள். தப்பு, சரி கிடையாது.

வட ஆற்காட்டு ஜனங்களுக்கு இது புதிதா என்ன? பாரதக் கூத்து இருக்கிறதே! பகாசுரன் கதையன்று பீமன் வண்டியில் ஏறித் தெருத் தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு சோறு போடுவார்கள். அர்ச்சுனன் தபசு மரத்தின் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவான். கீழே பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவமாகப் படுத்துக் கிடப்பான். நடிப்பவர் யார், பார்ப்பவர் யார் என்றே பிரிக்க முடியாது. சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் நின்ற பாட்டியை மறுபடியும் அங்கே கொண்டு போய் உட்கார வைத்தால், எத்தனை வருடம் பின்னால் போவார்! செல்போனில் காட்டும் கூத்து அதற்கு ஈடாகாது.

வயதுக் கோளாறு அல்ல

இதனால் நோய் குணமாகும் என்று யாரும் நம்பி விடக்கூடாது. பழைய நினைவுகளைப் பேச வைக்கும் முறை பற்றிய ஆராய்ச்சிகளை 2018-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் உண்டு, ஆனால் சிறியது, எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. போன ஞாபகம் திரும்பாது. அந்த அரை மணி நேரம் மனிதராக மதிக்கப்படுவார். அது போதாதா?

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. ஏழை நாடுகளின் முதியவர்களை ஆராய, “10/66” என்ற உலக ஆராய்ச்சிக் குழு 1998-ல் ஏற்பட்டது. நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில். ஆராய்ச்சியோ அங்கே 10 சதவீதம்கூட இல்லை. பெயரின் பொருள் அதுதான். அந்தக் குழு இந்தியாவில் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்கள்: சென்னை நகரமும், வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும்.

“வயசானா அப்படித்தான்” என்று வீட்டோடு விட்டு விடுவதுதான் பெரிய தவறு. தைராய்டு கோளாறாலும், பி-12 வைட்டமின் குறைவாலும்கூட மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை!

பிறகு லாங் பஜாருக்கு வாருங்கள். கூட்டம் சேர்ந்தால் முதியவர்கள் மிரண்டு போவார்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பாருங்கள். மிளகாயை அவரே கிள்ளிப் பார்க்கட்டும். விலை அதிகம் என்று கடைக்காரரிடம் அந்தக் காலத்துக் கணக்குச் சொல்லிச் சண்டை போட்டால், போடட்டும், கடைக்காரர் சிரித்துக்கொள்வார். வீட்டு டெலிபோன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, அவர் இடுப்புச் சுருக்குப் பையில் முதலிலேயே வைத்து விடுங்கள்.