ஆவாரம் பட்டையை உரித்து விற்கலாமா?

''எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. வரப்பிலும் தரிசிலும் ஆவாரம் செடிகள் மண்டிக் கிடக்கின்றன. தோல் பதனிட வேண்டும் என்று ஒரு வியாபாரி பட்டையை விலைக்குக் கேட்கிறார். ஆட்களையும் அவரே அழைத்து வருவாராம். கொடுக்கலாமா?''

– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

கொடுக்கலாம். ஆனால், நிற்கும் செடியில் பட்டையை உரிக்க விடாதீர்கள்.

ஆவாரம் பட்டையில் ஏறத்தாழ 18 சதவிகிதம் டானின் இருக்கிறது. மென்றால் துவர்ப்பது இதுதான். தோலில் உள்ள புரதத்தோடு இது சேர்ந்து இறுகுவதால், தோல் அழுகாது. உங்கள் திண்டுக்கல்லிலும், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமும் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கிய தோலை, ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டுப் பதனிட்டார்கள். வெளிச்சம் பட்டால் அந்தத் தோல் சிவக்கும் என்பதால், கடைசியில் கடுக்காய் நீரிலும் ஊறவைத்தார்கள்.

பிறகு குரோமிய உப்பு வந்தது. வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. வாட்டில் மரப்பட்டைச் சாறும் ஆவாரத்தின் இடத்தைப் பிடித்தது. அதனால், இன்று ஆவாரம் பட்டை வாங்குபவர்கள் குறைவு. விலையைப் பேசி, முன்பணம் வாங்கிய பிறகே அரிவாளை எடுங்கள்.

நிற்கும் தண்டில் பட்டையைச் சுற்றிலும் உரித்தால், இலை தயாரிக்கும் உணவு வேருக்குப் போகாது. செடி பட்டுப்போகும். அதற்குப் பதிலாக, இரண்டு, மூன்று வயதான செடியில் முற்றிய தண்டுகளை அடியோரம் வெட்டி, தனியே வைத்து உரிக்க வேண்டும். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். எல்லாச் செடிகளையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டுங்கள்.

உரித்த பட்டையை மழையில் நனைய விடக் கூடாது. டானின் தண்ணீரில் கரைந்து போய்விடும். பூஞ்சணம் பிடிக்காமல் நிழலில் காய வையுங்கள். காய்ந்தால் எடை வெகுவாகக் குறையும். எனவே, பேசும் விலை பச்சைப் பட்டைக்கா, காய்ந்த பட்டைக்கா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். புறம்போக்கு, வனப்பகுதிச் செடிகளில் கை வைக்க வேண்டாம்.

ஆடு, மாடு அதிகம் கடிக்காத செடி ஆவாரம். வறட்சியிலும் வரப்பு மண்ணைப் பிடித்து நிற்கும். தழை வயலுக்கு உரம். பூவுக்கும் விலை உண்டு. பட்டைப் பணம் ஒரு முறைதான் வரும். அடிக்கட்டை உயிரோடு இருந்தால்தான் மற்றதெல்லாம் தொடர்ந்து கிடைக்கும். ஆகவே, வெட்டும் நாளில் நீங்களும் கூடவே நில்லுங்கள்.