செல்போனில் வேலை தேடலாமா?

பெரம்பலூர் பக்கம் எறையூரில் காலணித் தொழிற்சாலை வந்ததிலிருந்து, "அக்கா, செல்போனிலேயே வேலை தேடலாமாமே, நம்பலாமா?" என்று இளம் தாய்மார்கள் கேட்கிறார்கள். தமிழக அரசு 2020-ல் தொடங்கிய தனியார் துறை வேலை இணையத்தை நிதானமாகப் பார்த்தேன். வேலை தேடுகிறவருக்கும் சரி, ஆள் தேடும் நிறுவனத்துக்கும் சரி, கட்டணம் கிடையாது. அது பெரிய நிறை.

ஆனால் விளம்பரத்தை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு, ஷிப்டு எப்போது முடியும், பஸ் உண்டா என்று கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பது 2017-லிருந்து சட்டம். கைக்குழந்தைக்காரிகள் கூச்சப்படாமல் அதையும் கேட்கணும்.

பதிவுக்கு, சீருடைக்கு என்று யாராவது முன்பணம் கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள். வேலை கொடுப்பவர் சம்பளம் தருவாரே தவிர, நம்மிடம் வாங்கமாட்டார்!